கிழட்டு மீன் கொடுக்கும் எண்ணெய்த் துளி

"ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறதே, அப்படியிருக்கக் கடலில் மீன் எப்படிக் குறையும்?" என்று ஒரு மாணவி கேட்டு எழுதியிருந்தார். பெரிய அறிஞர்களும் இந்தக் கணக்கில் தவறியிருக்கிறார்கள். டார்வினுக்காக ஊர் ஊராக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி, 1883இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியில், பெருங்கடல் மீன்வளங்கள் அனேகமாக வற்றாதவை என்றே பேசினார். வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் காட் என்னும் மீனையும் அவர் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார். 1992 ஜூலையில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடிப்பதையே கனடா அரசு நிறுத்த வேண்டிவந்தது. இரண்டு ஆண்டுத் தடை என்றுதான் அறிவித்தார்கள். இடையில் சிறிய அளவில் அனுமதி தந்தாலும், அந்தத் தடை விலக்கப்பட்டது 2024இல்தான்.

லட்சம் முட்டை என்பது வளத்தின் அடையாளம் அல்ல, சாவின் அடையாளம். ஒரு மீனினம் கூடாமல் குறையாமல் இருக்கிறது என்றால், ஒரு தாய் தன் ஆயுளில் இட்ட அத்தனை முட்டைகளிலிருந்தும் சராசரியாக இரண்டே இரண்டுதான் வளர்ந்து தாயாகவோ தந்தையாகவோ ஆகின்றன என்று பொருள். மற்றவை எல்லாம் போய்விடுகின்றன, பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே. ஆகவே எத்தனை முட்டை என்பதைவிட, யார் இட்ட முட்டை என்பதே முக்கியம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அந்த எண்ணெய்த் துளி வருகிறது.

பிறந்த மீன்குஞ்சு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். கண்கள் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். வயிற்றை ஒட்டி, நுண்ணோக்கியில் பளிச்சென்று மின்னும் ஓர் உருண்டை இருக்கும். அது தாய் கட்டிக்கொடுத்த சோறு. குஞ்சு வேட்டையாடக் கற்றுக்கொள்ளும்வரை அந்தக் கொழுப்பைக் கரைத்துத்தான் உயிர் வாழ வேண்டும். அது தீர்வதற்குள் வாய்க்கு அகப்படும் அளவில் மிதவை உயிரிகள் கிடைக்காவிட்டால் பட்டினிதான். இந்தச் சில நாட்கள் ஒரு தலைமுறையின் எண்ணிக்கையையே தீர்மானிக்கக்கூடும் என்று நார்வே அறிஞர் யோகான் யோர்ட் 1914இலேயே எழுதினார்.

அந்த உருண்டை எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அமெரிக்காவின் மேற்குக் கடலில் வாழும் கறுப்பு ராக்ஃபிஷ் என்னும் மீனை ஸ்டீவன் பெர்க்லியும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயதான தாய்களின் குஞ்சுகளுக்கு எண்ணெய்த் துளி பெரிதாக இருந்தது. தாயின் உடல் அளவைவிட அவளுடைய வயதோடுதான் இது நெருக்கமாகப் பொருந்தியது. மிக முதிய தாய்களின் குஞ்சுகள், மிக இளைய தாய்களின் குஞ்சுகளைவிட மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் வளர்ந்தன. இரை இல்லாமல் இரண்டு மடங்குக்கும் மேலான நாட்கள் தாக்குப்பிடித்தன. இளம் தாய் தன் உடலை வளர்க்கவும் செலவழிக்க வேண்டும். வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்ட கிழத்தாய் மிச்சத்தையெல்லாம் குஞ்சுக்குக் கொடுத்துவிடலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடலில் தப்பிப் பிழைத்தவளின் சேமிப்பு, ஊசிமுனை அளவுத் துளியாகக் குஞ்சின் வயிற்றில் மின்னுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

எல்லா இனங்களிலும் வயதின் விளைவு இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. ஆனால் உடல் பெருத்தால் முட்டை அதைவிட வேகமாகப் பெருகும் என்பது பரவலான உண்மை. 342 மீனினங்களை அலசி 2018இல் வெளிவந்த ஆய்வு சொல்லும் கணக்கைப் பாருங்கள்: 30 கிலோ எடையுள்ள ஒரு காட் தாய் இடும் முட்டைகளுக்கு ஈடுகட்ட, 2 கிலோ எடையுள்ள 28 தாய்கள் வேண்டும். எடையில் பதினைந்து மீன்களுக்குச் சமம், முட்டையில் இருபத்தெட்டுக்குச் சமம். போதாததற்குப் பெரிய காட் மீன்கள் நீண்ட நாட்களுக்குத் தவணை தவணையாக முட்டையிடுகின்றன. மிதவை உயிரிகள் பெருகும் வாரம் முந்தினாலும் பிந்தினாலும் ஏதோ ஒரு தவணைக்கு இரை கிடைத்துவிடும்.

வலை முதலில் துடைத்தெடுப்பது இந்தப் பெரிய, வயதான தாய்களைத்தான். ஓர் ஆண்டில் பிறந்து வளர்ந்த 1,024 மீன்களில் வலைக்கும் மற்றவற்றுக்குமாக ஆண்டுதோறும் பாதி செத்துக்கொண்டே வந்தால், பத்தாவது ஆண்டு முடிவில் மிஞ்சுவது ஒன்று. பிடிப்பு குறைந்து கால்வாசி மட்டுமே சாகுமானால் ஏறக்குறைய 58 மிஞ்சும். மொத்தப் பிடிப்பு நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும் ஆண்டுகளிலும், கிழத்தாய்கள் ஓசையில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருப்பார்கள்.

அது நடக்கிறதா என்று அறிய மீனின் காதுக்கல்லைப் பார்க்க வேண்டும். தலைக்குள் இருக்கும் அந்தச் சுண்ணாம்புக் கல்லை வெட்டித் தேய்த்துப் பார்த்தால், மரத்தின் வளையங்கள்போல் ஒளிர்ந்தும் இருண்டும் ஆண்டு வரிகள் தெரியும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இப்படி எண்ணி, அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தால்தான் மீன்களின் வயது எப்படிச் சரிகிறது என்று புரியும். இந்த வேலைக்குப் புகழும் இல்லை, நிதியும் எளிதில் கிடைப்பதில்லை. மூன்றாண்டுத் திட்டங்களுக்குத்தான் பணம் வருகிறது. இருபது ஆண்டு வாழும் மீனை மூன்றாண்டுத் திட்டத்தால் எப்படி அறிவது? புதிய கப்பல் வாங்குவதற்கு முன்னால் இந்த எண்ணிக்கைக்கு நிலையான நிதி ஒதுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

சின்ன மீனை விட்டுவிடு என்ற விதி பழையது, தேவையானது. அதோடு, குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்பட்டதையும் விட்டுவிடு என்று சில இடங்களில் மேல் வரம்பும் வைத்திருக்கிறார்கள். தூண்டிலில் இது எளிது. வலையில் எளிதல்ல: வலைக்கண்ணைப் பெரிதாக்கினால் சின்னது தப்பும், பெரியது தப்பாது. ஆழத்திலிருந்து இழுத்த மீனுக்கோ காற்றுப்பை உப்பிவிடும். அப்படியே விட்டால் திரும்ப மூழ்க முடியாமல் மிதந்தே சாகும். ஆகவே கிழத்தாய்களைக் காக்க மிகவும் நம்பத்தக்க வழி, சில இடங்களில் வலையே போடாமல் இருப்பது.

நியூசிலாந்தின் லீ என்ற இடத்தில் 1975இல் அப்படி ஒரு சிறு கடல் பரப்பை மூடினார்கள். உள்ளே ஸ்னாப்பர் மீன்கள் பெருத்தன, முதிர்ந்தன. பிறகு வெளியே பிடித்த இளம் ஸ்னாப்பர்களின் மரபணுவை, காப்பகத்துக்குள் இருந்த பெரிய மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெளியே பிடித்தவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அந்தச் சிறு பரப்புக்குள் வாழும் மீன்களின் பிள்ளை.