குப்பை மெயிலும் ஒடியல் மாவும்

கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி என்று யாழ்ப்பாணத்துப் பொருட்களைப் பொதிசெய்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "காலையில் மெயிலைத் திறந்தால் பாதிக்கு மேல் குப்பை. அதையாவது பொறுக்கலாம். உண்மையான ஓடர் ஒன்று ஸ்பாமுக்குள் போய்க் கிடந்தது. நாங்கள் கண்டெடுக்கும்போது அவர்கள் வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்கள். எந்த மென்பொருளை வாங்கிப் போட்டால் இது நிற்கும்?"

புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. குப்பையைப் பிரித்தெடுக்க உங்கள் மெயிலில் ஏற்கெனவே இருக்கும் வடிகட்டிக்கு உங்கள் கடைக்கு வரும் கடிதங்களின் சாயலைப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பின்னால் 1763ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கணிதம் இருக்கிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள் அதைப் பைக்குள் இருக்கும் சிவப்புப் பந்து, நீலப் பந்துக் கணக்காகச் செய்து புள்ளி வாங்கியிருப்பார்கள். அதே கணக்குத்தான் இன்று உலகத்தின் மெயில் பெட்டிகளைக் காக்கிறது என்று வகுப்பில் யாரும் சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் ஆற்றாமை.

குப்பை ஏன் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அனுப்ப ஏறக்குறையச் செலவே இல்லை. 1978 மே 3ஆம் திகதி, இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கரி துவெர்க் விளம்பரம் அனுப்பியதிலிருந்து கதை தொடங்குகிறது. 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஸ்பாம் வலையமைப்புக்குள்ளேயே நுழைந்து கணக்கெடுத்தார்கள். 26 நாட்களில் ஏறத்தாழ 35 கோடி மெயில்கள் போயின. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். ஒரு கோடிக்கு ஒருவர்கூட இல்லை. இருந்தும் அனுப்புகிறவருக்கு அது கட்டுப்படியாகிறது. ஆகவே 'பதில் போடாவிட்டால் தானாக ஓய்ந்துவிடும்' என்று காத்திருப்பதில் பயனில்லை.

முதலில் வந்த வடிகட்டிகள் கெட்ட சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்தன. 'பரிசு', 'கடன்', 'விசா', 'பணம் அனுப்பு' என்ற சொற்கள் இருந்தால் குப்பை. இந்த முறை யாழ்ப்பாணத்தில் எப்படித் தோற்கும் என்று பாருங்கள். ஸ்ரான்லி வீதியில் பயண முகவர் நிலையம் வைத்திருப்பவருக்கு 'விசா' இல்லாத கடிதமே வராது. வெளிநாட்டு உறவுகளை நம்பி நடக்கும் எந்த வியாபாரத்திலும் 'கனடா', 'டொலர்', 'வங்கிக் கணக்கு' என்பவை அன்றாடச் சொற்கள். வேறு நாட்டு அலுவலகம் ஒன்றில் குப்பையைக் காட்டிக்கொடுக்கும் சொல் இங்கே வயிற்றுப் பிழைப்பு. ஒரு சொல் நல்லதா கெட்டதா என்பதைச் சொல் தனியாகச் சொல்லாது. அது யாருடைய பெட்டிக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதைத்தான் பேயிஸ் தேற்றம் செய்கிறது. தோமஸ் பேயிஸ் இங்கிலாந்தில் ஒரு மதகுரு. 1761இல் அவர் இறந்த பிறகு அவருடைய காகிதங்களில் இருந்த கணக்கை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ், லண்டனின் அறிவியல் கழகமான ரோயல் சொசைற்றிக்கு அனுப்பி வெளியிடச் செய்தார். கேள்வி எளியது: ஒரு சான்று கைக்கு வந்தபின், முன்பு வைத்திருந்த நம்பிக்கையை எவ்வளவு மாற்ற வேண்டும்?

எண்களை எடுத்துக்கொள்வோம். நம் வாசகியின் பெட்டியில் 1000 மெயில்கள். 600 குப்பை, 400 நல்லவை என்று வைப்போம். எதையும் படிக்காமலே, அடுத்து வருவது குப்பையாக இருக்கும் வாய்ப்பு 600க்கு 400, அதாவது 1.5க்கு 1. இப்போது 'பரிசு' என்ற சொல்லைத் தேடுகிறோம். குப்பையில் 120 மெயில்களில் இருக்கிறது, அதாவது ஐந்தில் ஒன்றில். நல்லவற்றில் 4இல் மட்டும், நூற்றில் ஒன்றில். ஆக அந்தச் சொல் குப்பைப் பக்கத்தில் 20 மடங்கு கூடுதலாக வருகிறது. 1.5ஐ 20ஆல் பெருக்குங்கள்: 30க்கு 1, அதாவது 31 மெயிலில் 30 குப்பை. 'பரிசு' என்று கண்டதும் அந்த மெயில் குப்பையாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 97 சதவீதம்.

அந்த மெயில் உண்மையில் ரொறன்ரோக் கடைக்காரர் ஒருவருடையது. 'தீபாவளிக்குப் பரிசுப் பெட்டி போடப்போகிறோம், ஒடியல் மா 50 பைக்கற் வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். வடிகட்டி அடுத்த சொல்லுக்கு வருகிறது: 'ஒடியல்'. நல்ல மெயில்களில் 80இல் அது இருக்கிறது, ஐந்தில் ஒன்றில். குப்பையில் ஒன்றில்கூட இல்லை. உலகம் முழுவதற்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறவருக்கு ஒடியலைப் பற்றி என்ன தெரியும்?

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் வருகிறது. குப்பையில் அந்தச் சொல் பூச்சியம் என்றால், பெருக்கும்போது எல்லாமே பூச்சியமாகிவிடும். அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் எந்த மோசடியும் நுழையலாம் என்றாகிவிடும். இதுவரை காணாதது இனியும் நடக்காது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லப்லாஸ், நாளை சூரியன் உதிக்கும் என்பதை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று ஆராய்ந்தபோது இதற்கு வழி கண்டார்: ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிக்கொள். அப்படிச் செய்தால் 'ஒடியல்' நல்ல பக்கத்தில் ஏறத்தாழ 120 மடங்கு கூடுதல். 30ஐ 120ஆல் வகுத்தால் 4க்கு 1 என்று தராசு மறுபக்கம் சாய்கிறது. 97 சதவீதம் குப்பை என்று நின்ற கடிதம், ஒரே ஒரு சொல்லால் 80 சதவீதம் நல்லதாகிறது. மேலே தேற்றம், கீழே வெறும் பெருக்கலும் வகுத்தலும். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காகிதத்தில் செய்து காட்டலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது.

கணிதம் தெரிந்தவர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். சொற்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொண்டல்லவா பெருக்கினோம்? 'பரிசு' வரும் இடத்தில் 'வென்றீர்கள்' என்பதும் வரும். ஒரே சாட்சியை இரண்டு முறை எண்ணுகிறோமே? உண்மைதான். கடைசியில் வரும் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் வடிகட்டிக்குத் துல்லியமான சதவீதம் தேவையில்லை, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சரியாக இருந்தால் போதும். அந்த முடிவு பெரும்பாலும் தப்பாது என்பதை 1997இல் டொமிங்கோஸ், பஸானி என்ற இருவர் கணிதமாகவே காட்டினார்கள். அடுத்த ஆண்டு மெஹ்ரான் சஹாமியும் குழுவினரும் இந்த முறையைக் குப்பை மெயிலுக்குப் பயன்படுத்தி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள்: 51 சதவீதம் தேறினால் தூக்கி எறியக் கூடாது, 99.9 சதவீதம் உறுதி இருந்தால் மட்டுமே எறியலாம். பத்துக் குப்பை உள்ளே வந்தால் பத்து நொடி போகும். ஓர் ஓடர் வெளியே போனால் ஒரு வாடிக்கையாளர் போவார்.

குப்பை அனுப்புகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. சொற்களைத் திரித்து எழுதிப் பார்த்தார்கள். தமிழிலும் இது முடியும்: 'கடன்' என்பதன் முதலெழுத்துக்குப் பதில் தமிழ் இலக்கம் ௧ஐ இட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ அவை வெவ்வேறு குறியீடுகள், ஆகவே பழைய பட்டியல் ஏமாந்துவிடும். பேயிஸ் வடிகட்டி ஏமாறாது. நேர்மையான ஆள் யாரும் '௧டன்' என்று எழுதுவதில்லை. ஆகவே அப்படி எழுதிய சில மெயில்களைக் கண்டதும், 'கடன்' என்ற சரியான சொல்லைவிடப் பல மடங்கு பலமான சான்றாக அது மாறிவிடுகிறது. ஒளிந்துகொள்ளப் போட்ட வேடமே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

தமிழில் இதற்கு உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசுகளை, பரிசாக: நமக்கு இது ஒரே சொல், எளிய வடிகட்டிக்கு ஐந்து சொற்கள். சான்று சிதறிப்போவதால் கற்றுக்கொள்ளக் கூடுதல் கடிதங்கள் தேவைப்படுகின்றன. சொற்களைப் பகுதி, விகுதி பிரித்துக் கொடுக்கும் நல்ல திறந்த மென்பொருளும், எவரும் எடுத்தாளக்கூடிய சொற்தொகுப்புகளும் இருந்தால் இது தீரும். ஆங்கிலத்துக்கு ஆகும் வேலை தமிழுக்கு ஆகவில்லை என்றால் அதற்குக் காரணம் மொழியின் கடினம் அல்ல, பணம். நம் பல்கலைக்கழகங்களில் இதைச் செய்யக்கூடிய மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒவ்வொன்றும் அலமாரியில் முடங்காமல் அடுத்த அணி தொடரும்படி சிறிய, நிலையான நிதி வேண்டும். கோயில் திருவிழாக்களுக்கு மனமுவந்து கொடுக்கும் புலம்பெயர் உறவுகள் இதற்கும் கொடுக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் துன்பம் வரும்' என்று வரும் சாமிப் படங்களையும் நான் குப்பையில்தான் சேர்க்கிறேன். முன்பு இது தபாலட்டையில் வந்தது. பயத்தைக் கொண்டு தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் கடிதம் இது. தெரிந்தவர் முகவரியிலிருந்து வருவதால் வடிகட்டி இதைப் பெரும்பாலும் விட்டுவிடும். நீங்கள் அழித்தால் எந்தத் துன்பமும் வராது.

இனி வாசகி செய்ய வேண்டியது. குப்பையைக் கண்டால் வெறுமனே அழிக்காமல் 'ஸ்பாம்' என்று குறியுங்கள். அதைவிட முக்கியம், ஸ்பாம் போல்டரை நாளுக்கு ஒரு முறை திறந்து, தவறிப்போன நல்லதை 'ஸ்பாம் அல்ல' என்று மீட்டெடுங்கள். நல்ல கடிதம் எப்படி இருக்கும் என்று காட்டாமல் கெட்டதை மட்டும் காட்டினால் பேயிஸ் கணக்கின் ஒரு பக்கம் வெறுமையாகவே இருக்கும். பல சேவையகங்களில் இயங்கும் ஸ்பாம் அசாசின் என்ற இலவச மென்பொருள், இரண்டு வகையிலும் தலா 200 மெயில்களைக் கற்ற பிறகே தன் பேயிஸ் பகுதியை இயக்கத் தொடங்கும். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளிலும் இதே வகை வடிகட்டி இருக்கிறது. ஜிமெயில் இன்று இதைவிடச் சிக்கலான முறைகளையும் அனுப்புகிறவரின் நற்பெயரையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனாலும் நீங்கள் இடும் குறி அதற்கும் சான்றுதான். அறியாத இடத்திலிருந்து வந்த குப்பையின் அடியில் உள்ள 'விலகிக்கொள்ள' என்ற இணைப்பை அழுத்த வேண்டாம். முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அது சொல்லிக்கொடுத்துவிடும்.

சொற்களால் பிடிக்க முடியாத ஒன்று மிஞ்சுகிறது. 1982இல் எழுதப்பட்ட மெயில் விதிமுறையில், அனுப்புநர் என்ற இடத்தில் யாரும் எந்த முகவரியையும் போடலாம். எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்றும் இதைச் சரிசெய்யப் பின்னால் வந்தவை. முதலாவது, உங்கள் பெயரில் எந்தச் சேவையகம் அனுப்பலாம் என்று அறிவிக்கிறது. இரண்டாவது, கடிதத்தில் மின்முத்திரை இடுகிறது. மூன்றாவது, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்கிறது. 2024 பெப்ரவரி முதல் கூகிள், எந்தச் சிறிய அனுப்புநருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. சொந்தப் பெயரில் முகவரி வைத்திருக்கும் கடைகள் தங்கள் இணையத்தளத்தைப் பராமரிப்பவரிடம் இவற்றைக் கேட்டுப் போடுவித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியலே ரொறன்ரோவில் ஸ்பாமுக்குள் போகும்.

இவை எல்லாம் இருந்தும் ஒரு நாள், பழகிய வாடிக்கையாளரின் உண்மையான முகவரியிலிருந்தே, அவருடைய கணக்கைக் களவெடுத்த ஒருவர் எழுதலாம். ஒடியல், பைக்கற் என்று பழைய கடிதத்தின் சொற்களையே பயன்படுத்தலாம். 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள்' என்று வந்தால், உங்கள் கொப்பியில் முன்பே எழுதி வைத்திருக்கும் தொலைபேசி எண்ணுக்கு எடுத்துக் கேளுங்கள். அந்த மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அல்ல.