புதிர் ஓடவில்லை என்று புது லேப்டாப் வாங்காதீர்கள்

காரைக்குடியில் வார இறுதிகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத் தருகிறேன். டிசம்பரில் அட்வென்ட் ஆஃப் கோட் என்ற, தினம் ஒரு நிரல் புதிர் தரும் இணையதளம் தொடங்கிவிட்டால், யாராவது ஒரு பையன் வீட்டில் புது லேப்டாப் கேட்டு நிற்பான். இந்த முறை தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். "சார், மெஷின் பத்தலைங்கிறான். நகைய அடகு வச்சாவது வாங்கிக் குடுத்துரவா?"

வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம்.

பையன் மாட்டிக்கொண்டது பழைய புதிர் ஒன்றில், 2021-இன் ஆறாம் நாள். ஒவ்வொரு மீனும் ஏழு நாளுக்கு ஒரு குஞ்சு போடும். புதுக் குஞ்சுக்கு முதல் தடவை மட்டும் இரண்டு நாள் கூடுதல். இத்தனை நாளில் மொத்தம் எத்தனை மீன் என்பதுதான் கேள்வி. குஞ்சு போட மிச்சமுள்ள நாளை, மீனுக்கு ஓர் எண் என்று லிஸ்டில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறான். புதிரில் தந்த மாதிரியில் உள்ள 5 மீன், 80 நாளில் 5,934 ஆகும். 256 நாளில் 2,698 கோடியைத் தாண்டும். மீனுக்கு ஒரு பைட் என்றாலே 27 ஜிபி நினைவகம் வேண்டும். அவன் எழுதும் பைத்தான் மொழியின் லிஸ்ட் மீனுக்கு எட்டு பைட் கேட்கும். இதற்கு எந்தக் கடையில் மெஷின் வாங்குவது?

ஒரே நாளில் குஞ்சு போடப்போகும் மீன்களைப் பிரித்து வைப்பானேன்? பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நம் ஊர்க்காரர்கள் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியதுபோல, மிச்ச நாளுக்கொரு கூட்டுத்தொகை வைத்தால் போதும். மொத்தம் ஒன்பது எண்கள். தினமும் ஓர் இடம் நகர்த்தி, குஞ்சு போட்ட மீன்களையும் புதுக் குஞ்சுகளையும் அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"பைத்தான் ஸ்லோ சார், ரஸ்ட்டுக்கு மாறிடவா?" இந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரஸ்ட் வேகமான மொழிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மீன்கள் சுமார் எட்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. நூறு மடங்கு வேகம் கிடைத்தாலும் கூடுதலாக ஐம்பத்துச் சொச்சம் நாள்தான் ஓட்டலாம். 256 எங்கே, அது எங்கே? புதிர்களை உருவாக்கும் எரிக் வாஸ்ட்ல், பத்து வருடப் பழைய கணினியிலும் 15 விநாடிக்குள் முடியும் விடை ஒவ்வொன்றுக்கும் உண்டு என்கிறார். பிறகும் மெஷினைத் திட்டினால் எப்படி?

நிரல் இழுத்தால் முதலில் எந்த வரி நேரம் தின்கிறது என்று அளந்து பாருங்கள். ஊகிக்காதீர்கள். லூப்புக்குள் லிஸ்டில் தேடுகிறீர்களா? சட்டென்று தேடித் தரும் செட்டுக்கு மாற்றுங்கள். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்களா? விடையைச் சேமித்து வையுங்கள்; பைத்தானில் கேஷ் (cache) என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் முடிந்து, நல்ல வழிமுறையும் கைக்கு வந்த பிறகு ரஸ்ட் கற்றுக்கொள்ளுங்கள். நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

அப்புறம், ஏஐயிடம் விடை வாங்கி ஒட்டுவதை விட்டுவிடுங்கள் தம்பிகளா. முந்தவேண்டிய அவசரமும் இப்போது இல்லை. 2025-இல் உலகப் பொதுத் தரவரிசைப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள், புதிர்களையும் பன்னிரண்டு நாளாகக் குறைத்துவிட்டார்கள். நம் நேரத்துக்குக் காலை 10:30-க்குப் புதிர் திறக்கிறது என்று வகுப்பில் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.