கடப்பாரை ஏன் வளையாமல் முறிந்தது?

பர்கூர் பக்கம் கல்குவாரியில் வேலை செய்யும் வாசகர் ஒருவர், இரண்டாக முறிந்த கடப்பாரையின் படத்தை அனுப்பியிருக்கிறார். மழுங்கிய நுனியைப் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கியிருக்கிறார். அடுத்த சில நாளில், மார்கழிக் குளிரில் காலையிலேயே பாறை இடுக்கில் வைத்து நெம்பியபோது, நுனிக்கு ஒரு சாண் மேலே டக்கென்று போய்விட்டதாம். முறிந்த முகம் முழுக்க மினுமினுப்பு. "கண்ணு பட்டுடுச்சுங்கறாங்க, இரும்பு பழசாகி உள்ளுக்குள்ள துகளாயிடுச்சுங்கறாங்க. எது சரிங்க?"

இரண்டும் இல்லை. எலுமிச்சம்பழம் கட்டுவது உங்கள் விருப்பம், ஆனால் விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது.

எஃகு பழசாகித் துகளாவதில்லை. பிறந்ததிலிருந்தே அது படிகக் குருணைகளின் கூட்டம்தான். ஒரு குருணைக்குள் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். பக்கத்துக் குருணையில் அதே அடுக்கு வேறு பக்கம் சாய்ந்திருக்கும். நல்ல எஃகில் ஒரு குருணை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும், நுண்ணோக்கி வேண்டும். வெறும் கண்ணுக்கே தனித்தனியாக மினுக்கினால் குருணை பெருத்துவிட்டது என்று பொருள்.

பெருத்தால் என்ன? கல்லுடைப்பவருக்கு இது எளிதாகப் புரியும். கருங்கல் எல்லாத் திசையிலும் ஒன்றுபோலப் பிளக்காது, வாட்டம் பார்த்துத்தான் உளி வைக்க வேண்டும். இரும்புக் குருணைக்கும் வாட்டம் உண்டு. அதன் அணுக்கள் கனசதுரமாக அடுக்கியவை. அந்தக் கனசதுர முகங்களுக்கு இணையான தளங்களில் விரிசல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் குருணையின் எல்லை வந்ததும் அடுத்த குருணையின் தளம் வேறு கோணத்தில் நிற்கிறது. விரிசல் திரும்ப வேண்டும், முறுக்கிக்கொள்ள வேண்டும், சில இடத்தில் பல கிளையாகப் பிரிந்து படிபடியாக ஏற வேண்டும். ஒவ்வொரு எல்லையிலும் ஆற்றலைச் செலவழிக்கிறது. குருணை சிறிதானால் எல்லைகள் அதிகம், விரிசல் களைத்துப்போகும். பெரிதானால் ஒரே ஓட்டம். அந்த வழவழப்பான பிளவு முகங்கள்தான் வெளிச்சத்தில் மினுக்குகின்றன.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறொன்று. எஃகை வலிமையாக்கும் வழிகள் பலவும் அதன் அடி தாங்கும் குணத்தைக் குறைத்துவிடும். குருணையைப் பொடியாக்கினால் மட்டும் இரண்டுமே கூடும். குருணை விட்டம் நான்கில் ஒன்றானால் வலிமையில் எல்லைகளால் வரும் பங்கு இரட்டிப்பாகும் என்பது 1951இல் ஹால், 1953இல் பெட்ச் என்ற ஆய்வாளர்கள் காட்டிய கணக்கு.

குளிருக்கும் பங்குண்டு. குளிரக் குளிர எஃகு வளைவதை விட்டு நொறுங்கும் பக்கம் சாயும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், அலையில்லாத நீரில் கட்டிக்கிடந்த ஸ்கெனெக்டடி என்ற புதுக் கப்பலே பிளந்தது. நம் ஊர்க் குளிர் அதற்கு முன் ஒன்றுமில்லைதான். ஆனால் குருணை பெருத்தால் அந்த மாற்றம் நடக்கும் வெப்பநிலை மேலே ஏறி, சாதாரணக் காலைப்பொழுதுக்கே வந்துவிடும்.

சரி, ஒரு சாண் மேலே ஏன்? உலையில் நுனி மட்டுமா காய்கிறது? அதன் மேல்பகுதியும் மஞ்சளாகப் பழுத்திருக்கும். அந்தச் சூட்டில் குருணைகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கும். நுனியில் சம்மட்டி விழுந்ததால் அங்கே புதிய சிறு குருணைகள் பிறந்தன. அடிபடாத பகுதி பெருத்தபடியே ஆறிவிட்டது.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தபோது எல்லோரும் கொண்டாடினோம். பழமைக்குக் கைதட்டும் நாம், பட்டறைத் தொழிலாளிக்கு ஒரு நுண்ணோக்கியில் குருணையைக் காட்டிப் பயிற்சி தரவும் காசு ஒதுக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அடுத்த முறை பட்டறையில் இதைக் கேளுங்கள்: அடித்து முடித்ததும், காய்ந்த பகுதி முழுவதையும் காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே ஏற்றி, காற்றில் ஆறவிட வேண்டும். அந்தச் சூட்டைக் கடக்கும்போது அணுக்களின் அடுக்கே மாறுவதால் பழைய குருணைகள் அழிந்து புதியவை சிறிதாகப் பிறக்கும். நுனிக்கு உரம் ஏற்றுவதெல்லாம் அப்புறம். ஒன்று மட்டும் கவனம். உலையில் இரும்பே வெள்ளையாகிப் பொறி பறக்கவிட்டிருந்தால் குருணை எல்லைகளே கருகியிருக்கும், எந்தச் சூடும் அதை மீட்காது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது நுனி அடிக்கச் சொல்லுங்கள்.