நழுவினாலும் கணக்காக நழுவும் மோட்டார்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பண்ருட்டிப் பலா மரப் பலகையில் வீட்டுப் பெயர் செதுக்கி விற்கலாம் என்று, சீனாவிலிருந்து வரும் மேசை சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) ஒன்றை இணையத்தில் வாங்கியிருக்கிறார். "முதல் அடுக்கு சுத்தமாக வெட்டுகிறது சார். இரண்டாவது, மூன்றாவது அடுக்கில் எழுத்து முழுக்க இடப்பக்கம் தள்ளிப் போய்விடுகிறது. எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிப் பார்த்துவிட்டேன். கம்ப்யூட்டர் திரையில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. மெஷின் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்கே தெரியாதா?"

தெரியாது. கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

இந்த வகை இயந்திரங்களில் நம் ஊரில் அதிகம் கிடைப்பது 3018. வெட்டும் பரப்பு 300க்கு 180 மில்லிமீட்டர் என்பதால் அந்தப் பெயர். அலுமினியச் சட்டம், மூன்று மோட்டார், மூன்று திருகுக் கம்பி, பிட் என்கிற வெட்டும் முனையைச் சுழற்ற ஒரு ஸ்பிண்டில், ஒரு சின்ன மின்பலகை, அவ்வளவுதான். பல மாடல்களில் அந்தப் பலகையில் ஓடுவது ஜிஆர்பிஎல். நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் எழுதத் தொடங்கி, இலவசமாகவே கொடுத்த மென்பொருள் இது. வெறும் 32 கிலோபைட் நினைவகமுள்ள சில்லில் அடங்கிவிடுகிறது. எங்கே, எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்லும் ஜி-கோடு வரிகளைக் கம்ப்யூட்டர் அனுப்பும். ஜிஆர்பிஎல் அவற்றை மின்துடிப்புகளாக மாற்றி மோட்டார்களுக்குத் தரும். வழக்கமான அமைப்பில் 800 துடிப்புக்கு ஒரு மில்லிமீட்டர். திரையில் நீங்கள் பார்க்கும் இடம், அனுப்பிய துடிப்புகளைக் கூட்டிக் கழித்த கணக்கு. மேசை உண்மையில் நகர்ந்ததா என்று பார்க்க அங்கே எந்த உணரியும் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பவரை வழியில் யாரோ தள்ளிவிட்டாலும் அவர் எண்ணிக்கையில் ஒன்றும் குறையாது. இதுவும் அப்படித்தான்.

1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி செய்து காட்டிய முதல் எண்வழி அரவை இயந்திரம், வெற்றிடக் குழாய்கள் நிரம்பிய பெரிய அலமாரியோடு நின்றது. தன் இருப்பிடத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொள்ளும் சர்வோ ஏற்பாடு அதில் இருந்தது. நம் மேசை இயந்திரத்தில் அது கிடையாது. ஆனாலும் பெரும்பாலான நேரம் இது தலைமுடி கனத்தைவிடக் குறைவான பிழையில் வந்து நிற்கிறது. அதற்குக் காரணம் அந்த ஸ்டெப்பர் மோட்டார். எனக்கு மிகவும் பிடித்த கருவிகளில் இது ஒன்று. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழுதான ஒரு ஸ்டெப்பர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், நடுவில் அச்சோடு சேர்ந்து இரண்டு பற்சக்கரக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 50 பற்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலைக்காந்தம். அதனால் முன் கிண்ணம் முழுக்க வடதுருவம், பின் கிண்ணம் முழுக்கத் தென்துருவம். பின் கிண்ணத்தின் பற்கள் முன் கிண்ணத்தின் இடைவெளிகளுக்கு நேராக, சரியாக அரைப் பல் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். சுற்றிலும் செப்புக் கம்பி சுற்றிய எட்டு துருவங்கள். அவற்றின் முகத்திலும் சின்னச் சின்னப் பற்கள் வெட்டியிருப்பார்கள். ஆனால் எட்டு முகங்களிலும் பற்கள் ஒரே நேரத்தில் உள்பற்களோடு நேராக வராது. ஒரு ஜோடி நேராக இருந்தால், அடுத்தது கால் பல் தள்ளி இருக்கும், அதற்கடுத்தது அரைப் பல். பள்ளியில் வெர்னியர் அளவுகோலில் எந்தக் கோடு நேராகிறது என்று தேடினோமே, அதே உத்திதான்.

எட்டு துருவங்களும் இரண்டு சுருள்களாக இணைக்கப்பட்டிருக்கின்றன. முதல் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அதற்கு நேராகப் பற்கள் வந்து நிற்கும். அதை நிறுத்தி இரண்டாம் சுருளில் பாய்ச்சினால் அச்சு கால் பல் நகரும். பிறகு முதல் சுருளில் தலைகீழாக, இரண்டாவதில் தலைகீழாக. இப்படி நான்கு நிலை முடிந்தால் ஒரு பல் கடந்துவிடும். ஒரு பல் என்பது 360-ஐ 50-ஆல் வகுத்தால் 7.2 பாகை. அதில் கால் பங்கு 1.8 பாகை. மோட்டார் லேபிளில் எழுதியிருக்கும் 1.8 இதுதான்; ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்). மின்சாரமே இல்லாமல் அச்சை விரலால் திருப்பிப் பாருங்கள், கடகடவென்று தட்டுப்படும். உள்ளே காந்தம் ஒவ்வொரு நிலையிலும் பிடித்துப் பிடித்து விடுவதைத்தான் உங்கள் விரல் உணர்கிறது. ஒரு சுருளின் இரண்டு வயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி திருப்பினால் சட்டென்று கனக்கும். மோட்டார் அப்போது ஜெனரேட்டராகி உங்களையே எதிர்க்கிறது. எந்த இரண்டு வயர் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. பலகையோடு இணைத்த மோட்டாரை மட்டும் இப்படிக் கையால் வேகமாகச் சுற்றாதீர்கள். அந்த மின்சாரம் பலகையில் மோட்டாரை ஓட்டும் டிரைவர் சில்லுக்குள் போகும்.

இரண்டு சுருள்களிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அளவு மின்னோட்டம் கொடுத்தால் பற்களை இரண்டு நிலைகளுக்கு நடுவிலும் நிறுத்தலாம். ஒன்றில் சைன், மற்றதில் கோசைன். ஒவ்வோர் அடியையும் 16 துண்டாக்கினால் சுற்றுக்கு 3200 துடிப்பு. திருகுக் கம்பி ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்தும் வகை என்றால், 3200-ஐ 4-ஆல் வகுக்க, முன்னே சொன்ன 800.

இப்போது பிட் ஒரு கணுவில் மோதுகிறது என்று வையுங்கள். காந்தப்புலம் முன்னே போகிறது, அச்சு பின்தங்குகிறது. பின்தங்கப் பின்தங்க இழுவிசை கூடும். கால் பல், அதாவது 1.8 பாகை பின்தங்கியபோது இழுவிசை உச்சம். அதற்கு மேல் பின்தங்கினால் இழுவிசை குறைய ஆரம்பிக்கும். அரைப் பல்லைத் தாண்டினால், தன் பல்லைவிட அடுத்த பல் கிட்டத்தில் இருக்கும். அச்சு அந்தப் பல்லில் போய் உட்கார்ந்துவிடும். தவறிய பிறகு இரண்டு பற்களுக்கு நடுவில் எங்கும் அதனால் நிற்க முடியாது. ஆகவே இந்த மோட்டார் தவறினால் முழுப் பல்லாகத்தான் தவறும்: 7.2 பாகை, 14.4, 21.6 என்று. 4 மில்லிமீட்டர் திருகுக் கம்பியில் ஒரு பல் என்பது 0.08 மில்லிமீட்டர்.

இந்த ஒழுங்கை வைத்துத்தான் பழுதைப் பிடிக்க வேண்டும். ஒரு காகித வட்டத்தில் 50 கோடுகள் சம இடைவெளியில் அச்சடித்து, மோட்டாரின் பின்பக்கக் கைப்பிடிக் குமிழில் ஒட்டுங்கள். மோட்டார் உடம்பில் மார்க்கரால் ஒரு முள் போடுங்கள். அதற்கு முன் $1=255 என்று ஜிஆர்பிஎல்லுக்குச் சொல்லிவிட வேண்டும்; இல்லையென்றால் அசைவு நின்ற கொஞ்ச நேரத்தில் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும், அச்சு தளர்ந்துவிடும். தொடக்கப் புள்ளியான பூஜ்ஜியத்தில் நிற்கும்போது முள்ளுக்கு நேராக எந்தக் கோடு என்று குறித்துக்கொண்டு வேலையை ஓட்டுங்கள். முடிந்ததும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். முள்ளுக்கு நேராக வேறு கோடு வந்து நின்றால் மோட்டார் அடி தவறியிருக்கிறது. எத்தனை பல் என்றுகூட எண்ணலாம். எவ்வளவு தவறினாலும் முள் ஏதாவது ஒரு கோட்டில்தான் நிற்கும், இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்காது. வகுப்பில் மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! பழைய கோடே நேராக இருந்து மேசை மட்டும் தள்ளி நின்றால் மோட்டார் மேல் தப்பில்லை. அதற்குப் பின்னால் எங்கோ வழுக்குகிறது. (சரியாக 50 பல் தவறினால் முள் பழைய இடத்துக்கே வரும். அப்போது மேசை முழுதாக 4 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும், அளவுகோல் வைத்தாலே தெரியும்.)

கோடு மாறியிருந்தால் பிட்டை மேலே தூக்கி, மரம் இல்லாமல் அதே வேலையைக் காற்றில் ஓட்டுங்கள். அப்போதும் மாறினால் வேகம், முடுக்கம், மின்னோட்டம் இந்த மூன்றில் ஒன்று. வேகம் கூடக்கூடச் சுருளில் மின்னோட்டம் ஏறுவதற்கு நேரம் போதாது, இழுவிசை விழுந்துவிடும். ஜிஆர்பிஎல்லில் இடவல அச்சின் உச்ச வேகம் $110, முடுக்கம் $120; இரண்டையும் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் இடப்பக்கமே தள்ளுகிறது என்றால், வலப்பக்கம் பாயும்போது அடி தவறுகிறது என்று அர்த்தம். மின்னோட்டத்தை டிரைவர் சில்லின் மேலுள்ள குட்டித் திருகால் கூட்டலாம். ஏ4988 சில்லில் 0.1 ஓம் தடை போட்டிருந்தால், அந்தத் திருகில் அளக்கும் 0.8 வோல்ட்டுக்கு ஓர் ஆம்பியர். அதிகமாகக் கூட்டினால் சில்லு சூடாகித் தன்னைத்தானே ஒரு கணம் அணைத்துக்கொள்ளும். அதிலும் அடி போகும். மே மாதக் கடலூரில் மூடிய அறையில் ஓட்டுபவர்கள் டிரைவருக்கு ஒரு சின்ன ஃபேன் வைத்தே ஆகவேண்டும். காற்றில் சரியாக ஓடி மரத்தில் மட்டும் தவறினால் வெட்டும் பளுதான் காரணம். பலா, வீணை செய்கிற மரம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மாதிரி விட்டுக்கொடுக்காது. அடுக்குக்கு அரை மில்லிமீட்டரில் தொடங்குங்கள்.

கோடு மாறாவிட்டால், மோட்டாரையும் திருகுக் கம்பியையும் சேர்க்கும் கப்ளிங்கைப் பாருங்கள். அதை அச்சோடு பிடித்துவைக்கும் குட்டி கிரப் ஸ்க்ரூ வழுக்கினால் எந்த அளவுக்கு வேண்டுமானாலும் வழுக்கும், பல் கணக்கெல்லாம் இல்லை. கப்ளிங்குக்கும் கம்பிக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு இழுத்தால் போதும், கோடு உடைந்தால் அங்கேதான் கோளாறு. வட்டம் முட்டையாக வருவது வேறு கதை. அது பித்தளை நட்டின் லூஸ். அச்சு திசை மாறும் இடங்களில் மட்டும் தெரியும், அடுக்குக்கு அடுக்கு கூடிக்கொண்டே போகாது. ஸ்பிண்டில் ஓடும்போது யூஎஸ்பி தொடர்பே அறுந்தால் பிரஷ் மோட்டாரின் தீப்பொறி இரைச்சல் காரணமாக இருக்கலாம். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், குட்டையான கேபிள், சட்டத்துக்கு எர்த்.

வாசகர் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அஷ்டமியில் வந்த மெஷின், கண் பட்டிருக்கும் என்று வீட்டில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் மனத்தை நோகடிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் திருஷ்டி என்று சொன்ன அந்த இடத்தில் தேடல் நின்றுவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. முழுப் பல்லாகவே தவறும் ஒரு பொருளுக்கு முன்னால் காரணம் தேடாமல் இருப்பது அநியாயம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் எனக்கும் பிடிக்கும், கருவிக்கு மரியாதை. சட்டத்தில் வையுங்கள். வழிகாட்டிக் கம்பியில் விபூதியோ குங்குமமோ பட்டால் பேரிங்குக்குள் இருக்கும் குண்டுகள் கெட்டுப்போகும். நம் கடற்காற்றில் ஏற்கெனவே அந்தக் கம்பிக்குத் துரு பயம். வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் நல்லது.

மத்திய அரசு 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் என்ற பள்ளி ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை உண்டு. அந்த மாதிரிப் பணத்தில் கடலூர், புதுச்சேரி பள்ளிகளும் ஐடிஐக்களும் கண்ணாடிக்குள் பூட்டிவைக்க ஒரு பெரிய இயந்திரம் வாங்குவதைவிட, நான்கு மாணவருக்கு ஒரு 3018 வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. உடையப் போகும் பிட்டுகளுக்கும் கருகப் போகும் டிரைவர்களுக்கும் ஆண்டுதோறும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். உடைக்க அனுமதி இல்லாத ஆய்வகத்தில் யாரும் ஒன்றும் கற்க மாட்டார்கள்.

சுழற்சியை அளக்கும் என்கோடர் உணரி வைத்த க்ளோஸ்டு லூப் மோட்டார் மாற்றலாமா என்று வாசகர் கடைசியாகக் கேட்கிறார். அவை அடி தவறினால் உடனே தெரிந்துகொண்டு திருத்தும், நல்லவைதான். ஆனால் மூன்றையும் மாற்ற ஆகும் செலவு இந்த இயந்திரத்தின் விலைக்கே கிட்டத்தில் வரும். அதற்குத் தோதான டிரைவரும் வாங்க வேண்டும். முதலில் காகித வட்டத்தை ஒட்டுங்கள், $110-ஐப் பாதியாக்குங்கள், காற்றில் ஒருமுறை, மரத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். எத்தனை கோடு மாறியது என்று எழுதி அனுப்புங்கள் சார், அதிலிருந்து மேலே பார்க்கலாம்.