இரண்டு மூட்டைக்கு ஓர் உயிர்

வீட்டில் பழைய இலவம் பஞ்சுத் தலையணை இருந்தால் ஓரத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை பஞ்சு எடுங்கள். டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அடிவரை அமுக்கி விடுங்கள். குபுக்கென்று மேலே வந்துவிடும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈரமே இருக்காது. மருந்துக்கடைப் பஞ்சைப் போட்டால் நொடியில் ஊறி மூழ்கிவிடும். 1942-ல் அமெரிக்கக் கடற்படைக்கு வந்த தலைவலி இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

கடற்படையினரின் லைஃப் ஜாக்கெட்டுகளுக்குள் அப்போது அடைத்திருந்தது இலவம் பஞ்சு. பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஜாவா ஜப்பானிடம் விழுந்தது, பஞ்சு வரவும் நின்றது. கப்பல்களும் ஆட்களும் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

மாற்று கிடைத்தது வயல் ஓரத்தில். மில்க்வீட் என்று அமெரிக்க விவசாயிகள் பிடுங்கி எறிந்த ஒரு களைச்செடி. நம் எருக்குக்கு நெருங்கிய சொந்தம்: கிள்ளினால் அதே பால், காய் வெடித்தால் பட்டுப்போன்ற அதே பஞ்சு. சிகாகோ மருத்துவர் போரிஸ் பெர்க்மன் இதன் அருமையைப் போருக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் காது கொடுத்துக் கேட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தின் பெட்டோஸ்கியில் இதற்கென்றே ஓர் ஆலை எழுந்தது.

சரி, பஞ்சு எப்படி ஆளைத் தூக்குகிறது? இதன் இழை ஒவ்வொன்றும் ஒரு குழல். தலைமுடியைவிட மெல்லிய குழல், அதைவிட மெல்லிய சுவர், உள்ளே முழுக்கக் காற்று. வெளியே மெழுகுப் படலம். மெழுகின்மேல் தண்ணீர் ஒட்டாது, தாமரை இலையில் உருள்வதுபோல் துளியாகத் திரண்டு நிற்கும். அதனால் இழைகளின் இடுக்குகளுக்குள்ளும் தண்ணீரால் எளிதில் நுழைய முடியாது. குழலுக்குள் இருக்கும் காற்று, இடுக்கில் சிக்கிய காற்று இரண்டும் சேர்ந்துதான் மிதவை. மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்திதான் என்பதால், சுமார் 5 கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு கூடுதலாகக் கிடைத்தாலே தலை மேலே நிற்கும். ஒரு ஜாக்கெட்டுக்கு 700 கிராம் அளவுக்குப் பஞ்சு பிடித்தது.

பருத்தி இழைக்கு நடுவிலும் துளை உண்டு. ஆனால் காயும்போது அது சப்பிப்போய், ரிப்பன்போல முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கால்தான் ஒன்றோடொன்று பிடித்து நூலாகிறது. மில்க்வீட் இழையில் முறுக்கு இல்லை, வழுக்கும், மடக்கினால் ஒடியும். நூற்பவர்கள் சீந்தாத பஞ்சு. கடலில் விழுந்தவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

செடியைப் பயிரிட்டு அறுவடை செய்ய நேரமில்லை. பறிக்கும் வேலை பள்ளிப் பிள்ளைகளிடம் போனது. 'இரண்டு மூட்டை ஓர் உயிரைக் காக்கும்' என்பது பிரசார வாசகம். ஒரு ஜாக்கெட்டுக்குச் சுமார் இரண்டு மூட்டைக் காய் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நம் பழமொழிக் கிளி பழத்துக்காகக் காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்தது. இந்தப் பிள்ளைகள் பஞ்சுக்காகவே காத்திருந்தார்கள். அதிலும் பக்குவம் பார்க்க வேண்டும். காய் வெடிப்பதற்கு முன்பே பறிக்க வேண்டும், விதையோ பழுப்பேறியிருக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் எல்லாம் காற்றோடு போய்விடும். பறித்த காய்களை வலைபோன்ற வெங்காயச் சாக்கில் போட்டு வேலிக் கம்பியில் தொங்கவிட்டார்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். உலர்ந்த மூட்டைக்கு 20 சென்ட். 1944 இலையுதிர் காலத்தில் பல மாநிலங்களின் வேலிகளில் இந்தச் சாக்குகள் தொங்கின.

இந்த வகைப் பஞ்சுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, நசுக்கல். ஜாக்கெட்டை மெத்தையாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் குழல்கள் நொறுங்கிக் காற்று போய்விடும். இன்னொன்று எண்ணெய். டம்ளரில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு மறுபடி பஞ்சைப் போட்டுப் பாருங்கள். தண்ணீரைத் தள்ளிவிட்ட மெழுகு எண்ணெயை உடனே ஏற்றுக்கொள்ளும். கப்பல் மூழ்கும் இடத்தில் தண்ணீரின்மேல் மிதப்பது எரிஎண்ணெய்தான் என்பது இதில் இருக்கும் கொடுமை. 1945 ஜூலை 30-ல் ஜப்பானிய நீர்மூழ்கியிடம் அடிவாங்கி 12 நிமிடத்தில் மூழ்கியது அமெரிக்கப் போர்க்கப்பல் இண்டியானாபோலிஸ். கிட்டத்தட்ட 900 பேர் உயிரோடு கடலில் விழுந்தார்கள். நான்காம் நாள்தான் ஒரு விமானி தற்செயலாகப் பார்த்தார். அதற்குள் அவர்களுடைய இலவம் பஞ்சு ஜாக்கெட்டுகள் ஊறிக் கனத்து, முகவாய் வரை தண்ணீர் ஏறியிருந்தது. மீண்டவர்கள் 316 பேர்.

போர் முடிந்ததும் ஜாவாப் பஞ்சு திரும்ப வந்தது. பின்னாலேயே செயற்கை நுரைப்பஞ்சும் வந்தது. பெட்டோஸ்கி ஆலை மூடப்பட்டது. மில்க்வீட் மறுபடி களையாகி, களைக்கொல்லி அடித்து அழிக்கப்பட்டது. அதை மட்டுமே தின்று வளரும் மோனார்க் பட்டாம்பூச்சிப் புழுக்களுக்குச் சாப்பாடு குறைந்துபோனது. அண்மை ஆண்டுகளில் கனடாவின் கியூபெக்கில் இதைப் பயிராகவே வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். குளிர்கோட்டுக்குள் அடைக்க ஒரு பங்கு. இன்னொரு பங்கு, சிந்திய எண்ணெயை உறிஞ்சி எடுக்க.