உமிக்கரியை எங்கே போடுவது?

பர்மாவின் பெகு வட்டாரத்துத் தமிழ்க் கிராமங்களில் உமிக்கரியைப் பற்றிப் பேசப் போனால், ‘இதைப் போட்டால் யூரியா வாங்க வேண்டியதில்லையா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாங்கத்தான் வேண்டும். காற்றை மட்டுப்படுத்தி உமியைக் கருக்குவதால் கிடைக்கும் இந்தக் கரி (நம் பாட்டிமார் பல் துலக்கியதும் இதைத்தான்) தானே உரமாகிவிடாது. தன் நுண்துளைகளில் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். அமில மண்ணின் புளிப்பைச் சற்றுத் தணிக்கும். உரச் செலவு இதனால் குறையலாமே தவிர அடியோடு நின்றுவிடாது.

வயல் முழுவதும் போட நினைப்பவர்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். பர்மாக் கூடை ஒன்றுக்கு நெல் 46 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 21 கிலோ. ஏக்கருக்கு 60 கூடை விளைந்தால் சுமார் 1,250 கிலோ நெல். அதில் ஐந்தில் ஒரு பங்கான 250 கிலோ உமி. கருக்கியபின் மிஞ்சுவது 80 கிலோ. ஆய்வு வயல்களில் பரவலாக இடப்படும் அளவோ ஹெக்டேருக்கு 10 டன், ஏக்கருக்கு 4 டன். ஓர் ஏக்கருக்குப் போட ஐம்பது ஏக்கரின் உமி வேண்டும்! ஆலை உமிக்குச் செங்கற்சூளைக்காரர்களும் போட்டியாக இருக்கும்போது இது கட்டுப்படியாகாது.

ஆகவே நாற்றங்கால், வீட்டுத் தோட்டம், வெற்றிலைக்கொடி, மிளகாய்ப் பாத்தி என்று சிறிய இடத்தில் போடுங்கள் என்பதே என் பரிந்துரை. வெறும் கரியைப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது ஈர்த்துக்கொண்டு, பயிர் சில வாரம் வெளிறக்கூடும். சாணத்தோடும் மாட்டு மூத்திரத்தோடும் கலந்து இரண்டு வாரம் ஊறவிட்ட பிறகே இட வேண்டும். மண் ஏற்கெனவே களராக (காரத்தன்மையோடு) இருக்கும் மத்திய வறண்ட பகுதிகளுக்கு இது பொருந்தாது.

செய்முறைக்குத் துளையிட்ட தகர டின்னும் அதன்மேல் ஒரு புகைக்குழாயும் போதும். டின்னுக்குள் நெருப்பு மூட்டி, சுற்றிலும் உமியைக் குவித்தால் கருமை உள்ளிருந்து வெளியே பரவும். குவியலின் மேற்பரப்பில் கரும்புள்ளிகள் தென்பட்டதும் கிளறிவிட்டு, மொத்தமும் கறுத்தவுடன் பரப்பி நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாமதித்தால் கரி வெண்சாம்பலாகிவிடும். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டாதலால், கூரைக்குள் இந்த வேலை கூடவே கூடாது.

ஆலை உமியை ஓடைகளில் கொட்டுவதால் நீர் கெடுகிறது. ஈரத்தில் காற்றின்றி மக்கும்போது மீத்தேனும் எழுகிறது. உமியைக் கருக்கி மண்ணில் சேர்த்தால், அதிலுள்ள கார்பனின் பெரும்பகுதி நூறாண்டுகளுக்கு மேலும் அங்கேயே தங்கும். இதைச் சொல்லி ‘கார்பன் பணம் வரும்’ (கார்பனை மண்ணில் தேக்குவதற்குத் தரப்படும் தொகை) என்று ஆசை காட்டுபவர்களிடம், அளவீட்டுக்கும் சரிபார்ப்புக்கும் ஆகும் செலவை யார் ஏற்பார் என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பத்துக் குடும்பங்கள் செய்யும் கரிக்கு அந்தச் செலவே வரவை மிஞ்சிவிடும்.