அடியில் களிமண் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது என்று சென்ற வாரம் அழைத்தார்கள். இந்த மழைப் பருவத்தில் இதே போன்ற காரணத்துக்காக நான் ஏறிப்போன மூன்றாவது இடம் அது. சுவருக்கு மேலே, பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டிவரும் பள்ளம். சுவரின் அடிவிரிசலில் கசிந்த நீர் காற்றுப்பட்டு ஆரஞ்சு நிறப் படலமாகப் படிந்திருந்தது. "கீழே நல்ல களிமண் சார், ஒரு சொட்டு இறங்காது" என்றார் உரிமையாளர்.

மூன்று இடங்களிலும் இதே பேச்சுத்தான். களிமண் நீர் விடாது என்பது நல்ல நீரை வைத்துச் சொன்னது. குப்பையில் ஊறி வடியும் சாறு வெறும் நீரன்று. உப்புகளும் அமோனியாவும் கரிம அமிலங்களும் செறிந்த கரைசல். களித்துகளைச் சூழ்ந்த நீர்ப்படலந்தான் இடுக்குகளை அடைத்து வைக்கிறது. உப்பு ஏற ஏற அது சுருங்க, துகள்கள் திரண்டு இடையில் வழி திறந்துவிடுகிறது. நம்பாதவர்கள் இரண்டு குவளைகளில், ஒன்றில் குழாய்நீரும் மற்றதில் செறிந்த சாறும் ஊற்றி, ஒரு தேக்கரண்டி பெண்டோனைட் (நீரில் பொங்கும் ஒருவகைக் களிமண்) தூளைச் சிறிது சிறிதாகத் தூவி மறுநாள் பாருங்கள் (கையுறை இல்லாமல் சாற்றைத் தொடாதீர்கள்). முன்னதில் பொங்கிக் கூழாகியிருக்கும் தூள், பின்னதில் பெரிதாக உப்பாமல் அடியில் கிடக்கும். "பெண்டோனைட் கலந்துவிட்டால் தீர்ந்தது" என்னும் ஒப்பந்தக்காரர்களும் இதைப் பார்க்கலாம்.

நம் மலைச் செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் என்னும் களிக்கனிமம் உப்புக்கு அந்த அளவு அசைவதில்லை. ஆனால் அம்மண்ணைப் பிணைப்பதில் இரும்பு ஆக்சைடுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக்சிஜனற்ற சாறு அதைக் கரைத்து வெளியே கொண்டுவந்து காற்றில் படிய விடும்போது தெரிவதே அந்த ஆரஞ்சு நிறம். பிணைப்புத் தளர்ந்த மண் சரிவில் எத்தனை மழை தாங்கும்?

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மலையில் குப்பையைப் புதைக்கும் நிலநிரப்புக் கிடங்கையே தவிர்க்கச் சொல்லின. சமவெளியில்கூட 90 செ.மீ. களிமண் அடுக்குக்கு மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர் பிளாஸ்டிக்) விரிப்பு வேண்டும் என்றன. களிமண் மட்டுமே போதுமானால் விரிப்பு எதற்கு?

மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது அந்த இடத்துச் சாற்றையும் கேனில் பிடித்துக் கொடுங்கள். குழாய்நீரில் எடுத்த ஊடுருவுதிறன் கணக்கு இங்கே உதவாது. மேட்டு மழைநீர் குப்பைக்குள் இறங்காதபடி வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். சரிவின் அடிவாரத்தைத் தோண்டாதீர்கள். நாற்றம் தாங்கவில்லை என்று அந்தச் சுவரின் வடிகால் துளைகளைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். பின்னால் தேங்கிய நீர்தான் சுவரை முன்னே தள்ளியது. கெஞ்சிக் கேட்கிறேன், துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். வரும் நீரை வரவிட்டு, கீழே தொட்டி கட்டிப் பிடியுங்கள்.